கிலியாவில் எஞ்சியவை: ஃபிளாக்ஸ் குடும்பத்துப் பேரினம் ஒன்றின் வகைப்பாட்டு வரலாறு

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி மலைச்சரிவுகளில் கோடைக்காலத்தில் நீண்ட செங்குழல்களாகப் பூக்கும் செடி ஒன்றை அங்குள்ளோர் ‘ஸ்கார்லெட் கிலியா’ என்றே இன்றும் அழைக்கிறார்கள். ஆனால் தாவரவியலின் கணக்கில் அது கிலியா அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்டுவா என்ற பேரினத்தில் வைத்துப் பெயரிடப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் கிலியாவுக்கு மாற்றப்பட்டு, பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்துவிட்டு, 1956-க்குப் பிறகு ஐபோமாப்சிஸ் அக்ரிகேட்டா என்ற பெயரில் நிலைபெற்றது. மக்கள் வழக்கில் மட்டும் பழைய பெயர் தங்கிவிட்டது. இப்படிக் கிலியாவை விட்டு வெளியேறிய செடிகள் ஒன்றிரண்டல்ல. ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்டிருந்த அந்தப் பேரினத்தில் இன்று ஏறத்தாழ நாற்பது மட்டுமே இருக்கின்றன. செடிகள் எதுவும் அழிந்து போகவில்லை. எதை உறவின் சான்றாக ஏற்பது என்ற கேள்விக்கான விடைதான் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது.

கிலியா இடம்பெறும் பொலிமோனியேசியே குடும்பத்தைப் பொதுவாக ஃபிளாக்ஸ் (Phlox) குடும்பம் என்பார்கள். சுமார் 25 பேரினங்களைக் கொண்ட, பெரிதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய குடும்பம் அது. அதன் சிற்றினங்கள் மிகச் செறிந்திருப்பது கலிஃபோர்னியாவிலும் அதை அடுத்த பாலைநிலங்களிலும்தான். குடும்பத்தின் அடையாளங்களை அறிவது எளிது. ஐந்து அல்லிகளும் அடியில் இணைந்து குழலாகி மேலே ஐந்து மடல்களாக விரியும். மகரந்தத்தாள்கள் ஐந்தும் அந்தக் குழலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். சூலகம் மேல்மட்டத்தில் மூன்று அறைகளுடன் அமையும். சூல்தண்டின் நுனியும் மூன்றாகப் பிளவுபடும். ஐந்து ஐந்தாகச் செல்லும் மலரின் நடுவில் இந்த மூன்றைப் பார்த்துவிட்டால் குடும்பத்தைப் பற்றிய ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். குடும்பத்துக்குள் எந்தப் பேரினம் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கிலியா என்ற பெயரை 1794-இல் இட்டவர்கள் பெரு, சிலி நாடுகளின் தாவரங்களை ஆராய்ந்த ஸ்பானியத் தாவரவியலாளர்களான ரூயிஸும் பவோனும். வத்திக்கானில் வானியலாளராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்த ஃபிலிப்போ லூயிஜி கிலியின் நினைவாக அமைந்த பெயர் அது. அவர்கள் முன்னிறுத்திய செடி, இறகுபோல் நுணுக்கமாகப் பிளவுபட்ட இலைகளைக் கொண்ட, தென்னமெரிக்காவில் வளரும் கிலியா லாசினியேட்டா. இந்தச் செய்தி வெறும் வரலாற்றுக் குறிப்பாகத் தோன்றலாம். ஆனால் பின்னர் நடந்த எல்லாப் பிரிவினைகளிலும் இதற்குத்தான் கடைசிச் சொல். தாவரப் பெயரிடல் விதிகளின்படி ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு வகைமாதிரிச் சிற்றினத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. பேரினத்தை எத்தனை துண்டாக உடைத்தாலும், வகைமாதிரி எந்தத் துண்டில் இருக்கிறதோ அந்தத் துண்டுக்குத்தான் பழைய பெயர் சேரும். கிலியாவின் சிற்றினங்களில் பெரும்பாலானவை கலிஃபோர்னியாவைச் சுற்றியே வளர்ந்தாலும், எவை உண்மையான கிலியா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே வளரும் ஒரு சிறு செடிதான்.

பெயரிட்ட சில பத்தாண்டுகளுக்குள் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து புதிய செடிகள் ஐரோப்பாவுக்கு வெள்ளமாக வந்து சேரத் தொடங்கின. பந்துபோல் திரண்ட இளநீல மலர்க்கொத்துகளைக் கொண்ட கிலியா கேப்பிட்டேட்டா 1826-இல் பெயர் பெற்றது. டேவிட் டக்ளஸ் கலிஃபோர்னியாவில் சேகரித்து அனுப்பியவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் பெந்தம், 1833-இல் கிலியா டிரைகலர், கிலியா அகில்லீஃபோலியா முதலியவற்றை விவரித்ததோடு, லினான்தஸ், லெப்டோசைஃபன் போன்ற புதிய பேரினங்களையும் உருவாக்கினார். பெந்தமுடையது பிரித்துப் பார்க்கும் கண். அடுத்து வந்த அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே, 1870-இல் வெளியிட்ட மறு ஆய்வில் அதற்கு நேர்மாறான வழியை எடுத்தார்; லினான்தஸ், லெப்டோசைஃபன், லெப்டோடாக்டிலான், நவரெட்டியா, ஐபோமாப்சிஸ் ஆகிய அனைத்தையும் கிலியாவுக்குள் அடக்கி, அவற்றை அதன் உட்பிரிவுகளாக ஆக்கினார். இலை எதிரெதிராக அமைவதா மாறி மாறி அமைவதா, குழல் நீளமா குட்டையா, முள் உண்டா இல்லையா என்ற வேறுபாடுகளுக்கு இடையில் இடைநிலைச் செடிகள் வந்துகொண்டே இருந்ததால், பிரிக்கும் கோட்டை எங்கே போட்டாலும் அது ஏதோ ஒரு கூட்டத்தின் நடுவே செல்லும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது; அன்று கையிலிருந்த சான்றுகளுக்கு அது நேர்மையான முடிவுதான்.

எனினும் அந்த முடிவின் விளைவு விபரீதமானது. ஃபிளாக்ஸ், பொலிமோனியம், கொலோமியா போன்ற பேரினங்களுக்குத் தனித் தனி அடையாளங்கள் இருந்தன. கிலியாவுக்கென்று அப்படி எதுவும் இல்லாமல் போயிற்று. ஃபிளாக்ஸில் மகரந்தத்தாள்கள் குழலினுள் வெவ்வேறு உயரங்களில் ஒட்டியிருக்கும். பொலிமோனியத்தில் புல்லி வட்டம் முழுவதும் பச்சை இலைபோல் இருக்கும். கொலோமியாவில் புல்லி மடல்களுக்கு இடையிலுள்ள மெல்லிய சவ்வு கிழியாமல் கனியோடு சேர்ந்து விரியும். இவற்றில் எதுவும் இல்லாததைக் கிலியா என்றார்கள். வேறெங்கும் இடம் கிடைக்காத பொருள்களைப் போட்டு வைக்கும் மீதிப் பெட்டியாக அந்தப் பேரினம் மாறியது. ‘இது இல்லாதது, அது இல்லாதது’ என்று வரையறுக்கப்படும் கூட்டத்தின் உறுப்பினர்களுக்குள் இரத்த உறவு இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எட்வர்ட் லீ கிரீன் போன்றோர் கிரேயின் பெருங்கிலியாவை மீண்டும் உடைக்கத் தொடங்கினர். ஜெர்மானியரான அகஸ்ட் பிராண்ட் 1905-இல் ஒரு சிறு செடிக்காக அலிசியெல்லா என்ற பேரினத்தை நிறுவினார். இரண்டு ஆண்டுகள் கழித்து முழுக் குடும்பத்துக்குமான பெருநூலையும் வெளியிட்டார். அலிசியெல்லா என்பது கலிஃபோர்னிய அறிவியல் கழகத்தின் தாவரப் பிரிவைக் காத்துவந்த ஆலிஸ் ஈஸ்ட்வுட்டின் பெயரால் அமைந்தது. 1906-ஆம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவை நிலநடுக்கமும் தீயும் சூறையாடியபோது, சிதைந்த படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிகளைப் பற்றி மேல் தளத்துக்கு ஏறி ஏறத்தாழ 1,500 மாதிரிகளை மீட்டவர் அவர். சிற்றினப் பெயர்களுக்கு அடிப்படையான வகைமாதிரித் தாள்களை மற்றவற்றோடு கலக்காமல் தனியாக வைத்திருந்ததால்தான் அது அவருக்கு முடிந்தது. பிராண்டின் அலிசியெல்லாவோ நீண்ட காலம் யாரும் பொருட்படுத்தாத பெயராகவே கிடந்தது.

உலர்ந்த மாதிரிகளை ஒப்பிடுவதிலிருந்து உயிருள்ள செடிகளை ஆராய்வதற்கு இந்தத் துறையை நகர்த்தியவர்களில் முதன்மையானவர்கள் வெர்ன் கிராண்டும், பின்னாளில் ஆல்வா டே என்ற பெயரில் எழுதிய ஆல்வா கிராண்டும். கிளேர்மான்ட் நகரில் அன்று ராஞ்சோ சாண்டா அனா என்ற பெயரில் இருந்த தாவரத் தோட்டத்தில் 1950-களில் அவர்கள் கிலியாக்களை வளர்த்து, குரோமோசோம்களை எண்ணி, ஒவ்வொன்றையும் மற்றொன்றோடு கலப்பினம் செய்து பார்த்தார்கள். கிலியாவின் அடிப்படைக் குரோமோசோம் எண் 9. செங்குழல் மலர்களைக் கொண்ட கூட்டத்துக்கோ 7. இலை, மலர், விதை ஆகியவற்றின் வேறுபாடுகளோடு இதையும் சேர்த்துப் பார்த்தபோது ஐபோமாப்சிஸைத் தனிப் பேரினமாக மீட்பதற்கு வலுவான காரணம் கிடைத்தது. 1959-இல் வெர்ன் கிராண்ட் குடும்பம் முழுவதற்கும் ஒரு புதிய வகைப்பாட்டை முன்வைத்தார். அதில் கிலியா முன்பைவிட ஒழுங்குபட்டிருந்தது. ஆனாலும் அது பல பிரிவுகளைக் கொண்ட பெரிய பேரினமாகவே நீடித்தது.

அதே காலத்தில் செய்யப்பட்ட மகரந்தச் சேர்க்கை ஆய்வுகள், பழைய வகைப்பாடுகள் எங்கே சறுக்கின என்பதை ஓரளவு விளக்கிவிட்டன. தெற்குக் கலிஃபோர்னிய மலைகளில் வளரும், அன்று கிலியா ஸ்பிளெண்டென்ஸ் என்று அழைக்கப்பட்ட செடியை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரே சிற்றினத்துக்குள் ஒரு வட்டாரச் செடிகளை நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட ஈக்கள் நாடுகின்றன. சான் கேப்ரியல் மலைகளின் வட்டாரச் செடிகளை ஓசனிச்சிட்டுகள் நாடுகின்றன. அந்தந்த விருந்தாளிக்கு ஏற்றாற்போல் மலர்க்குழலின் நீளமும் பருமனும் மாறியிருக்கின்றன. ஒரு சிற்றினத்துக்குள்ளேயே இவ்வளவு மாறக்கூடிய ஒன்றைப் பேரினங்களைப் பிரிக்கும் கோடாக வைத்தால் என்ன ஆகும்? ஒரே பறவையைக் கவரும் தொலைதூரச் செடிகள் உடன்பிறப்புகள்போல் தோன்றும். வெவ்வேறு பூச்சிகளை நம்பும் உடன்பிறப்புகள் அந்நியர்போல் தோன்றும். ஃபிளாக்ஸ் குடும்பத்தில் இரண்டும் நடந்தன.

1990-களில் டிஎன்ஏ வரிசைகள் கைக்கு வந்தன. லீ ஜான்சனும் அவருடன் பணியாற்றியோரும் பசுங்கணிக மரபணு ஒன்றைக் கொண்டும், மார்க் போர்ட்டர் உட்கருவின் ரைபோசோம் சார்ந்த பகுதியைக் கொண்டும் குடும்பத்தின் கிளைப்படத்தை வரைந்தார்கள். தாய்வழியாகப் பெரும்பாலும் கடத்தப்படும் பசுங்கணிகமும் இரு பெற்றோரிடமிருந்தும் வரும் உட்கருவும் தனித்தனிச் சாட்சிகள். அவை முதன்மையான செய்திகளில் ஒத்துப்போனதுதான் இந்த முடிவுகளுக்கு வலு சேர்த்தது. கிலியா என்று அழைக்கப்பட்டவை கிளைப்படத்தில் ஒரே கொப்பில் இல்லை. பல கொப்புகளில் சிதறிக் கிடந்தன. 2000-ஆம் ஆண்டில் போர்ட்டரும் ஜான்சனும் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாடு இந்தச் சிதறலைப் பெயர்களாக மாற்றியது.

அந்த வகைப்பாட்டில் கிலியா, அலோஃபில்லம், கொலோமியா, நவரெட்டியா ஆகியவை ஒரு குலம், அதாவது குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் இடைப்பட்ட ஒரு பிரிவு. பிராண்டின் அலிசியெல்லா, 1998-இலேயே போர்ட்டரால் மீட்கப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட பழைய கிலியாக்களைப் பெற்றுக்கொண்டு, ஐபோமாப்சிஸோடும் வெப்பமண்டல அமெரிக்காவில் பரவியுள்ள லோசெலியாவோடும் மற்றொரு குலத்தில் சேர்ந்தது. டெக்சஸ், மெக்சிகோப் பகுதிகளின் கிலியா ரிஜிடுலா கிலியாஸ்ட்ரம் ஆயிற்று. பாஜா கலிஃபோர்னியாவின் இரண்டு செடிகள், கிலியா ஆய்வுக்கே வாழ்நாளைக் கொடுத்த ஆல்வா டே அம்மையாரின் பெயரில் டேயியா ஆயின. மேலே சொன்ன ஸ்பிளெண்டென்ஸ் சால்டுகிலியா என்ற புதிய பேரினத்துக்குப் போயிற்று; உயர்ந்த இடங்களில் வளரும் மெல்லிய கிலியா டெனெர்ரிமா, லாத்ரோகாசிஸ் என்ற ஒற்றைச் சிற்றினப் பேரினமாகத் தனித்து நின்றது.

இவற்றில் இரண்டு மாற்றங்கள் மற்றவற்றைவிடக் கவனிக்கத்தக்கவை. நவரெட்டியா என்றால் முள் நிறைந்த பூவடிச்செதில்கள் என்பதுதான் காலங்காலமான அடையாளம். கையால் தொட்டாலே தெரிந்துவிடும் அடையாளம். ஆனால் கிலியா கேப்பில்லாரிஸ், கிலியா லெப்டேலியா, கிலியா சினிஸ்ட்ரா என்ற முள்ளே இல்லாத மென்மையான செடிகள் நவரெட்டியாவின் கொப்பில் வந்து அமர்ந்தன. இன்று அவை நவரெட்டியாக்கள்தான். ஆக, முள் இல்லை என்பதைக் கொண்டு ஒரு செடியை நவரெட்டியாவிலிருந்து விலக்க முடியாது. இன்னொன்று அகாந்தோகிலியா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிலியா குளோரியோசா என்று விவரிக்கப்பட்ட, பாஜா கலிஃபோர்னியாவில் மட்டும் வளரும் இந்த முட்புதரை ஆல்வா டேயும் ரீட் மோரனும் 1986-இல் தனிப் பேரினமாக்கினார்கள். 2000-இன் வகைப்பாடோ அதற்கென ஒரு துணைக்குடும்பத்தையே ஒதுக்கியது. ஒரு காலத்தில் சாதாரணக் கிலியாவாகப் பதிவான செடி, மற்றெல்லாக் கிலியாக்களையும் ஃபிளாக்ஸையும் ஒருபுறம் வைத்தால் மறுபுறம் நிற்கும் அளவுக்குத் தொலைவானது என்று தெரியவந்தபோது, அந்த மீதிப் பெட்டி எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதும் தெரிந்துவிட்டது.

இந்தப் புதிய முறையை எல்லோரும் உடனே ஏற்கவில்லை. வெர்ன் கிராண்டே 1998-இலும் அதன் பின்னரும் எதிர்த்து எழுதினார். கிளைப்பிரிவின் வரிசை ஒன்று, வகைப்பாடு வேறொன்று. கிளை பிரிந்த பிறகு ஒரு கூட்டம் எவ்வளவு மாறியது என்பதையும் வகைப்பாடு காட்ட வேண்டும் என்பது அவரது வாதம். அதில் பொருள் இல்லாமல் இல்லை. களத்தில் செடியைக் கையில் வைத்திருப்பவருக்குக் கண்ணால் காணும் அடையாளங்களே உதவுகின்றன; முள்ளில்லாத நவரெட்டியா அவருக்குத் தொல்லைதான். ஆயினும் கிலியாவைப் பொறுத்தவரை அந்த வாதம் பலவீனமானது. பழைய கிலியாவை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது சிறப்பான தோற்ற ஒற்றுமை ஒன்றன்று, அடையாளமின்மைதான். அதைக் கலைத்ததால் களப்பணியாளர் இழந்தது மிகக் குறைவு.

லினான்தஸின் கதை இதைவிட உறுத்தலானது. எதிரெதிராக அமைந்து, அடிவரை விரல்போல் பிளந்து, தண்டைச் சுற்றி வட்டமிட்டதுபோல் தோன்றும் இலைகள் அதற்கு நல்ல அடையாளமாகவே இருந்தன. டிஎன்ஏ சான்று அந்த அடையாளத்தை உடைத்தது: ஒரு பெரும்பகுதி பெந்தமின் பழைய பெயரான லெப்டோசைஃபனுக்குத் திரும்பியது, குத்தும் இலைகளைக் கொண்ட லெப்டோடாக்டிலான் புதர்கள் லினான்தஸுக்குள் வந்தன. மொஹாவி பாலைநிலத்தில் நீலமும் வெள்ளையுமாகப் பூக்கும் லினான்தஸ் பாரியே, அந்த நிறப்பரவல் தற்செயலானதா இயற்கைத் தேர்வால் ஆனதா என்று 1940-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நீடித்த விவாதத்தால் புகழ்பெற்றது. அதுவும் ஒரு காலத்தில் கிலியா பாரியேதான்.

இத்தனையும் போன பிறகு கிலியாவில் எஞ்சியவை என்ன? வகைமாதிரியான லாசினியேட்டாவைச் சுற்றியுள்ள, தண்டு முழுவதும் இலை கொண்ட கூட்டம் ஒன்று. அடியில் வட்டமாகப் படிந்த இலைகளும் சிலந்தி வலைபோன்ற வெண்மயிரும் கொண்ட, அராக்னியான் எனப்படும் கூட்டம் மற்றொன்று. இவற்றோடு பாலைநிலச் செடிகள் சில. முதற் கூட்டத்தின் கிலியா டிரைகலரை உருப்பெருக்கியில் பார்த்தால் மஞ்சள் குழல், தொண்டையில் கருஞ்சிவப்பு ஊதாப் புள்ளிகள், வெளிர் ஊதா மடல்கள், அவற்றின் நடுவே நீலநிற மகரந்தம் எல்லாம் தெளிவாகத் தெரியும். மலரைவிடக் கவனிக்க வேண்டியது புல்லி வட்டம். பச்சை நரம்புகளுக்கு இடையே கண்ணாடிபோன்ற சவ்வு ஓடுகிறது; கனி பருக்கும்போது அந்தச் சவ்வு பெரும்பாலும் கிழிந்துவிடுகிறது.

கிலியா கேப்பிட்டேட்டாவுக்குள் மட்டும் எட்டுத் துணைச்சிற்றினங்கள் ஏற்கப்படுகின்றன. கடற்கரை மணல்மேடுகளில் வளரும் ஒன்றையும் உள்நாட்டில் வளரும் ஒன்றையும் இடம் மாற்றி வளர்த்துப் பார்த்த 1990-களின் சோதனையில், ஒவ்வொன்றும் தன் சொந்த இடத்தில் மற்றதைவிட நன்றாகத் தழைத்தது. துணைச்சிற்றினம் என்பது ஏட்டளவிலான பிரிவு மட்டுமன்று என்பதற்கு இது சான்று. சட்டத்துக்கும் அது பொருட்டாகிறது. மான்டரே வளைகுடாவை ஒட்டிய மணல் நிலங்களில் மட்டும் வாழும் கிலியா டெனுயிஃப்ளோராவின் அரினேரியா என்ற துணைச்சிற்றினம், 1992-இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் அழியும் நிலையிலுள்ளதாக அறிவிக்கப்பட்டது. அது தனித்த துணைச்சிற்றினம் அன்று என்று வகைப்பாட்டாளர்கள் முடிவு செய்தால், அந்தப் பாதுகாப்பின் அடிப்படையே கேள்விக்குள்ளாகும்.

தண்டு முழுவதும் இலை கொண்ட கூட்டத்தில் வெர்ன் கிராண்ட் செய்த கலப்பினச் சோதனைகள் வேறொரு செய்தியையும் தந்தன. கலிஃபோர்னிய மலையடிவாரங்களில் ஒன்றோடொன்று கலந்து வளரும் சிற்றினங்களைக் கலக்க முயன்றபோது விதை உருவாவதே அரிதாக இருந்தது. தீவு, கடற்கரை, தென்னமெரிக்கா என்று தொலைவில் பிரிந்து வாழும் சிற்றினங்களோ எளிதில் விதை பிடித்தன. ஆனால் அந்த விதையிலிருந்து வளர்ந்த கலப்பினங்கள் மலடாயின. அருகில் வாழும் செடிகளுக்கிடையே, பயனற்ற கலப்பில் விதையை வீணாக்காதவற்றை இயற்கைத் தேர்வு ஆதரித்து, கலப்புத் தடையை வலுப்படுத்தியது என்று அவர் இதற்கு விளக்கம் தந்தார். கலப்பினம் உருவாகிறதா என்பதை மட்டும் உறவின் அளவுகோலாகக் கொள்வோர் தயங்க வேண்டிய இடம் இது. மிக எளிதில் கலப்பவை மிக நெருங்கியவையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அராக்னியான் கூட்டத்தின் சிறுமலர்ச் செடிகளில்தான் இன்றைய வேலை மிகக் கடினம். அவற்றில் பல தன்மகரந்தச் சேர்க்கையால் விதை பிடிப்பவை. சில மில்லிமீட்டர் அளவேயுள்ள மலர்களில் குழல் புல்லி வட்டத்துக்கு மேல் எவ்வளவு நீள்கிறது, சுரப்பி மயிர் எங்கே இருக்கிறது என்று அளந்துதான் அவற்றைப் பிரிக்க முடியும். நெடுங்காலம் அவை கிலியா இன்கான்ஸ்பிக்குவா என்ற ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் சில, இரண்டு குரோமோசோம் தொகுதிகள் கொண்ட இருமயச் சிற்றினங்கள் இரண்டு கலந்து, தொகுதி இரட்டிப்பாகிப் பிறந்த, நான்கு தொகுதிகள் கொண்ட நான்மயங்கள்: கிலியா டிரான்ஸ்மான்டனா, கிலியா மைனரும் கிலியா குளோக்கியும் கலந்ததன் விளைவாகக் கருதப்படுகிறது. கலப்பிலிருந்து புதிய சிற்றினம் உருவாக இரட்டிப்பு கட்டாயமும் இல்லை. கிலியா மாலியர், கிலியா மோடோசென்சிஸ் என்ற இரு நான்மயங்களைக் கலந்து, ஏறக்குறைய முழு மலடான கலப்பினத்திலிருந்து பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்து, முழு வளம் பெற்ற, பெற்றோரோடு எளிதில் கலவாத புதிய வழித்தோன்றல் வரிசையொன்றை வெர்ன் கிராண்ட் உருவாக்கி 1966-இல் அறிவித்தார். இப்படிப்பட்ட செடிகளில் பசுங்கணிக டிஎன்ஏ ஒரு பெற்றோரை மட்டும் காட்டும். உட்கருவோ இருவரையும் கலந்து காட்டும். கிளைகள் பிரிந்துகொண்டே மட்டும் செல்லும் மரமாக வரையப்படும் வகைப்பாட்டில், மீண்டும் இணைந்த கிளைகளுக்கு இடம் இல்லை. பேரின மட்டத்தில் கிலியாவை ஒழுங்குபடுத்திய அதே முறை, அராக்னியானின் சிற்றினங்களுக்குள் இறங்கும்போது ஒரு பெயருக்கு இரண்டு மூதாதையரைக் கணக்கில் கொண்டே தீர வேண்டியிருக்கிறது.